நாலு நிமிடத்தில் ஒரு சீதன வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் முதலில் தேடுவது பெயரை அல்ல, வீடு கட்டுகிற மேசனை. பெயருக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. வீட்டுக்குக் கிடையாது. பிள்ளை தவழும்போது கிணறு, பள்ளிக்கூடம் போகும்போது அத்திவாரம், சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது கூரை என்று அது பிள்ளையோடு சேர்ந்து வளரவேண்டும். மாப்பிள்ளை என்பவர் கடைசியில் கொண்டுவந்து பூட்டுகிற முன்கதவு மாதிரி. சுவர் எழும்பாமல் கதவை மட்டும் பேசி வைத்திருப்பவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கல்முனையில் புவியியல் படிப்பிக்கிறவன். "வாசிக்கிற நேரத்துல பாதியச் சீமெந்துல போட்டிருந்தா..." என்று தொடங்கும் ஒரு வாக்கியம் என் மனைவி பௌசியாவிடம் இருக்கிறது. அதன் முடிவை நான் இதுவரை கேட்டதில்லை. அதற்குள் எழும்பிப் பள்ளிக்குத் தொழப் போய்விடுவேன். மகள் ஹம்தா பட்டப்படிப்பை முடித்து, கட்டாரில் வேலை செய்யும் ரிஸ்னி என்கிற நல்ல பிள்ளையைப் பேசியும் முடித்தாயிற்று. அவளுக்கென்று ஒதுக்கிய, எங்கள் வீட்டு வளவின் தெற்குப் பாதியில் அன்றைக்கும் நின்றது ஒரு முருங்கை மரமும் ஓர் ஆடும்தான். (ஆடு எங்களுடையதும் அல்ல.)

"பெரிய மலையெல்லாம் மெதுவாகத்தான் வளர்ந்தது" என்று பௌசியாவுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"இமயமலைக்கு மாப்பிள்ள வாறல்ல" என்றாள்.

என்னைக் காப்பாற்றியவர் மாப்பிள்ளையின் உம்மா, சம்பந்தியம்மா சுலைஹா உம்மா. சம்மாந்துறையில் வயல்காரக் குடும்பம். நெல் மூட்டையைத் தட்டிப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடியவர். பேசிமுடித்த அன்று நான் வீட்டைப் பற்றி இழுத்து இழுத்துத் தொடங்க, கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"வீட்டக் கதைக்காதீங்க சம்மந்தி. நாங்க புள்ளயத்தான் பார்த்த. கல்லயும் மண்ணயும் பார்க்கிற குடும்பமில்ல எங்கட குடும்பம். மாப்பிள்ளயக் கூட்டிட்டு வாற அண்டைக்குத்தான் அந்த வாசல்ல கால் வைப்பன். அதுக்கு முந்தி எட்டியும் பார்க்கமாட்டன்."

சபையே மாஷா அல்லாஹ் சொன்னது. பௌசியா கண்ணைத் துடைத்தாள். இந்த வார்த்தை ஊரெல்லாம் பரவியது. சீதனம் வேண்டாம் என்று பேசுகிறவர்கள் அவரை உதாரணம் காட்டினார்கள். கோமாரியில் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொல்லி, "இப்படியும் ஒரு சம்மந்தி கிடைச்சிருக்கு ஒரு மனிசனுக்கு" என்று பெருமூச்சு விட்டார். அந்த மனிசன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. (சொன்னேன்.)

இவ்வளவு பெருந்தன்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? அந்த யோசனையில்தான் ஒருநாள் அந்த வீடியோவைப் பார்த்தேன். எங்கேயோ ஒரு நகரத்தில் மாடிக் கட்டடம் ஒன்று காளான் மாதிரி ஒரு நிமிடத்தில் முளைத்தது. வீடியோ கமராவே இல்லையாம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற சாதாரணக் கமரா, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு போட்டோ எடுக்கும். மாதக்கணக்கில் சேர்ந்த அந்தப் போட்டோக்களை வரிசையாக அடுக்கி வேகமாக ஓடவிட்டால் காலம் சுருங்கிவிடும். சூரியன் தாவித் தாவி ஓடும், மேகம் கொதிக்கும், வீடு முளைக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்து இறங்கியதும், அவருடைய வீடு அவர் கண்முன்னே மண்ணிலிருந்து எழும்பவேண்டும். எட்டியும் பார்க்காத சம்பந்தியம்மா எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்து வாயில் கைவைக்கவேண்டும்.

"ஆறேழு மாத வேலையை நாலு நிமிடத்தில் காட்டலாம்" என்றேன் பௌசியாவிடம்.

"அந்த நாலு நிமிசத்துல கட்டுற மேசனையே புடிச்சிருக்கலாமே" என்றாள்.

எங்கள் மேல்மாடி யன்னல் கம்பியில் என் பழைய கமராவை, கிழிந்த சாறன் துண்டால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். அந்த யன்னலை யாரும் திறக்கவோ மூடவோ கூடாது, அதன் பக்கத்தில் பலமாகத் தும்மவும் கூடாது என்று சட்டம் போட்டேன். பாண்டிருப்பிலிருந்து வந்த தவராசா மேசன் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"சேர், நாங்க பீடி பத்துறதும் விழுமா?"

"பத்து நிமிசத்துக்கு ஒருக்காத்தான் தவராசா அடிக்கும். இடையில பத்தினா விழாது."

அடுத்த நாளிலிருந்து அவர் கடிகாரம் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

வீடு எழும்பத் தொடங்கியது. என் பங்களிப்பு இரண்டு. ஒன்று, கடல் காற்றில் லென்ஸில் படிகிற உப்பைத் தினமும் சாறன் தலைப்பால் துடைப்பது. மற்றது, அறிவுரை. சமைக்கிற குசினியின் யன்னலை மேற்கே வைக்கச் சொல்லி, சோளகக் காற்று எந்தத் திசையில் ஏன் வருகிறது என்று தவராசாவுக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். வழமையாக எதற்கும் இரண்டு மறுப்புச் சொல்கிறவர், "ஓம் சேர், அப்பிடியே வைப்பம்" என்று உடனே ஒத்துக்கொண்டார். முப்பது வருடத்தில் என் பாடத்தை முதல் தடவையிலேயே விளங்கிக்கொண்ட மாணவன் அவர்தான் என்று பூரித்துப்போனேன். அந்த யன்னலைப் பற்றி நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

படங்களைத் தினமும் கழற்றிக் கொம்பியூட்டரில் போட்டேனே தவிர, உட்கார்ந்து பார்க்கவில்லை. கல்யாணம் நெருங்கியபோதுதான் பார்த்தேன். தேவையில்லாத ஆள், பொருள் நடுவில் வந்த படங்களைப் பிரித்தெடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வீடியோ துள்ளும். முதலில் பிரித்ததெல்லாம் என் மூக்கு. லென்ஸைத் துடைக்கும்போது கமரா அடித்துவிட்டது. இத்தனை நாளும் என் முகத்தின் ஒரு பகுதி என்றே அதை நினைத்திருந்தேன். இங்கே முகந்தான் அதன் ஒரு பகுதி. பிறகு காகம், அந்த ஆடு, சீமெந்து மூட்டையில் தலைவைத்துத் தவராசா.

பிறகு ஒரு குடை.

கறுப்புக் குடை. அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கின் ஓரத்தில். அடுத்த படத்தில் குடை கிடங்குக்குள். அதற்கடுத்ததில் குடை சாய்ந்திருந்தது, கீழே முகம் தெரிந்தது.

சுலைஹா உம்மா.

கையில் கல்முனைச் சந்தைப் பை. பையிலிருந்து ஒரு பாரை மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

நான் கதவைப் பூட்டிவிட்டு வந்து மீதியைப் பார்த்தேன். ஒரு நாள் அல்ல. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். எல்லாம் அசர் தொழுகைக்குப் பின்னால், நான் பள்ளியில் தொழுதுவிட்டு அப்படியே தேத்தண்ணிக் கடையில் உலக அரசியலைத் தீர்த்துக்கொண்டிருக்கிற நேரம். பையில் ஒருநாள் கீரை, ஒருநாள் வத்தகைப்பழம், ஒருநாள் சுருட்டிய பாய். அறையைக் காலடியால் அளந்தார். சுவரைக் காதுவைத்துத் தட்டினார். கூரை போடாத குளியலறையில் போத்தல் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று குந்தியிருந்து பார்த்தார். திறப்புக்கொத்தை எடுத்து ஒரு சாவியால் பூச்சைச் சுரண்டினார்.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கோமாரிவரை பரவிய வார்த்தை அது. சபை சிரிக்கும், அவர் முகம் கறுக்கும், அந்தக் கறுத்த முகத்தைக் காலம் முழுக்கப் பார்க்கப்போகிறவள் என் மகள். அழித்துவிட்டால் முடிந்தது. அழிக்கத்தான் போனேன். ஆனால் அதில் ஒரு படம் இருந்தது. கதவில்லாத வாசலில், சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்டுக்கொண்டு நிற்கிறார். சாயங்கால வெயில் முகத்தில். அதை அழிக்க எனக்கு விரல் வரவில்லை.

ஆகவே ஒளித்துவைத்தேன். நல்ல படங்கள் ஒரு கோப்புறையில், ஆகாதவை இன்னொன்றில். ஹம்தாவுக்கு அவர் மாமி; "மாமி" என்று பெயர் வைத்தால் அவள் கண்ணில் படும். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று முதலாவதுக்கு "வீடு 1", இரண்டாவதுக்கு "வீடு 2" என்று பெயர் வைத்தேன். பௌசியாவுக்குக்கூட மூச்சு விடவில்லை. இந்த ரகசியம் என்னோடு மண்ணுக்குள் போகும் என்று தீர்மானித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் வீடியோவைச் செய்ய உட்கார்ந்தேன். பின்னணிக்கு, ஊரில் பதிவுசெய்த றபான் மேள அடி. மென்பொருள் கேட்டது: படங்களைப் பாட்டின் நீளத்துக்குப் பொருத்தவா? பொருத்து. எந்தக் கோப்புறை? அந்த நேரம் கீழேயிருந்து மச்சான் நௌபர், பௌசியாவின் தம்பி, கூப்பிட்டான்.

"மச்சான்! புரியாணிச் சட்டி வந்திரிக்கு, எங்க இறக்கிற?"

ஒன்றை அமுக்கிவிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தது. முதல் படத்தைப் பார்த்தேன்: வெறும் வளவு, முருங்கை, ஆடு. கடைசிப் படத்தைப் பார்த்தேன்: மின்குமிழ் தொங்கும் முழு வீடு. நீளம் பார்த்தேன்: சொல்லிவைத்தாற்போல் நாலு நிமிடம். விடைத்தாளின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துப் புள்ளி போடுகிற ஆசிரியர்களை நான் ஆயுள் முழுக்கக் கண்டித்துவந்திருக்கிறேன். கடைசிப் படத்தின் ஓரத்தில் என் பெருவிரல் நின்றது. அது ஏதோ சொல்ல வந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

காவின் எழுதி, நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளையைக் கூட்டிவந்தாயிற்று. சுலைஹா உம்மா புது வாசலில் வலது காலை வைத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மாஷா அல்லாஹ், இப்பதான் கண்ணால பார்க்கிறன்." பிறகு யாரிடமும் வழி கேட்காமல் நேரே குசினிக்குப் போய், திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, முதல் தடவையிலேயே சுவிட்சைப் போட்டார். பார்த்தது நான் ஒருவன்தான். சம்பந்தியம்மாவின் மானம் என் கையில் பத்திரமாக இருக்கிறதென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும், புது வீட்டின் வெள்ளைச் சுவரிலேயே படம் விழுமாறு புரொஜெக்டரை வைத்தோம். வீடு தன்னையே பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கற்பனை. பந்தலின் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெண்கள் பக்கத்து முன்வரிசையில் ஹம்தா, பக்கத்தில் சுலைஹா உம்மா. நான் மைக்கைப் பிடித்தேன்.

"இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் இந்தக் கமரா சாட்சி! எங்கள் சம்பந்தியம்மா எட்டியும் பார்க்காத இந்த வீட்டை, இன்றைக்கு முதன்முதலாக..."

றபான் அடித்தது. வளவு வந்தது. ஆடு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த அடிக்கு, சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, என் மூக்கு.

"மலை ஒண்டு வந்திரிக்கு!" என்றான் நௌபர்.

டும். மூக்கு. டும். காகம். டும். என் வெறும் வயிறு. டும். தவராசா உறக்கம். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியது மூளைக்குத்தான், காலுக்கு இன்னும் செய்தி போகவில்லை.

டும். குடை.

படங்கள் குறைவானதால், பாட்டின் நீளத்துக்குப் பொருந்த ஒவ்வொன்றும் நின்று நிதானமாகத் தெரிந்தது. டும், மாமி அத்திவாரத்தில். டும், மாமி பாரை மீனோடு. டும், மாமி ஒற்றைக் காலைத் தூக்கி அறையை அளக்கிறார். டும், மற்றக் கால். றபான் வேகமெடுக்க மாமியும் வேகமெடுத்தார். பின்னால் சுவர் வளர, முன்னால் கீரையோடும் வத்தகைப்பழத்தோடும் குடையைப் பொல்லாகப் பிடித்து, கோலாட்டம் மாதிரியான பொல்லடி ஆடுவது போலவே இருந்தது. மாப்பிள்ளை ரிஸ்னி தலைப்பாகையைக் கண்வரை இறக்கிவிட்டார்.

லெப்டொப்பை மூடியிருக்கலாம். அது ஒரு புத்திசாலி செய்கிற வேலை. நான் ஓடிப்போய்ப் புரொஜெக்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். சுவரில் மாமி மறைந்தார். என் வெள்ளை ஜிப்பாவில் தோன்றினார். என் வயிற்றில் நின்று சுவரைத் தட்டினார்.

"விலகுங்க மச்சான்! மாமியக் காணல்ல!" என்று கத்தினான் நௌபர்.

அந்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அழுகை என்றுதான் நினைத்தேன். ஹம்தா. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். என் மகளின் வாழ்க்கையை, தொடங்கி ஒரு மணித்தியாலத்தில், நானே முடித்துவிட்டேன். பிறகு முக்காடு நழுவியது. சிரிப்பு. அடக்கமுடியாமல், கல்யாணப் பெண்ணுக்கு ஆகாத பெரிய சிரிப்பு. சுலைஹா உம்மா மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

அவர் எழும்பினார். குடை கையில் இருந்தது. அதை என் பக்கம் நீட்டினார்.

"விலகுங்க சம்மந்தி. என்னத்துக்கு மறைக்கிறீங்க? குசினி யன்னல் வாற இடம் வரட்டும். அது ஆருட யோசன எண்டு ஊர் பார்க்கட்டும்."

நான் விலகினேன். டும். மாமி குசினிச் சுவரைக் குடையால் காட்டுகிறார், தவராசா தலையைச் சொறிகிறார். டும். சுவரில் ஓட்டை, பக்கத்தில் குடை. டும். யன்னல் நிலை, அதைத் தட்டிப் பார்க்கும் மாமி. டும். ஓட்டைக்குப் பக்கத்தில் நான், மேற்கே கையை நீட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி. சோளகம் பற்றிய விரிவுரை. யன்னல் ஏற்கெனவே வைத்தாயிற்று; பேச்சு மும்முரத்தில் நான் அதைப் பார்க்கவேயில்லை.

ஊர் சிரித்தது. நான் பந்தலின் ஓரத்தில் நின்ற தவராசாவைத் தேடினேன்.

"ஏன் தவராசா எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல?"

"மாமி வாறத சேருக்குச் சொல்லாத எண்டு அவ சொன்னா. சொல்லல்ல. கமரா இருக்கிறத மாமிக்குச் சொல்லு எண்டு ஆரும் சொல்லல்ல. அதையும் சொல்லல்ல."

டும். மாமி புது வாசல்படியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். பெரிதாகத் தெரிந்ததில் இப்போதுதான் கண்டேன், நீலப் பூப்போட்ட கோப்பை. எங்கள் வீட்டுக் கோப்பை. நான் பௌசியாவைப் பார்த்தேன். அவள் பந்தல் துணியின் வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"வீட்டுக்கு வந்த மனிசிக்குத் தேத்தண்ணி குடுக்காம அனுப்புறயா?"

"கமரா இருக்கிறது தெரியுமே!"

"அது வேல செய்யும் எண்டு நான் நினைக்கவேயில்ல."

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கதவில்லாத வாசல், கீழே சந்தைப் பை, ஏந்திய கைகள். சிரித்துக்கொண்டிருந்த பந்தல் அடங்கியது. றபான்கூடக் கொஞ்சம் தாழ்ந்தது போலிருந்தது. ஹம்தா தன் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டதைக் கண்டேன். யாரோ ஒரு பெண் குரவை போட்டாள், பிறகு பெண்கள் பக்கம் முழுக்கக் குரவை. அது ஓயுமுன்னே அடுத்த படம் வந்துவிட்டது: துஆவை முடித்த அதே கையால் மாமி திறப்பை எடுத்துப் பூச்சைச் சுரண்டுகிறார்.

"அல்லாஹ்விட்டயும் கேட்கணும், சீமெந்தயும் பார்க்கணும்" என்றார் சுலைஹா உம்மா. அதன் பிறகு அந்தப் பந்தலில் யாரும் புரியாணியை ஒழுங்காக விழுங்கவில்லை.

"வீடு 1" பிறகு நிதானமாக வீடியோவாகியது. ஆளில்லை, மூக்கில்லை, துள்ளலில்லை. மேகம் கொதிக்க, வெயில் ஓட, வீடு மலர்கிறது. என் வாழ்நாளின் சிறந்த வேலை அது. இன்றுவரை அதை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. "வீடு 2" ஒவ்வொரு பெருநாளும் ஓடுகிறது. என் சொந்தக்காரர்கள் என்னை மூக்கால் அடையாளம் காண்கிறார்கள். குசினியில் காற்று வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சேர், இது எந்தத் திசைக் காத்து?" என்று கேட்காமல் இருப்பதில்லை. சுலைஹா உம்மா இப்போதும் சந்தைப் பையோடுதான் வருகிறார். கேற்றடியில் நின்று முக்காட்டைச் சரிசெய்து, எங்கள் மேல்மாடி யன்னலைப் பார்த்துக் குடையை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

போன மாதம் ஹம்தாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் வைக்கமுன்னமே தவராசா வந்து, மேல்மாடி எழுப்பச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சம்மாந்துறையிலிருந்து தொலைபேசி வந்தது.

"சம்மந்தி, மேசன் வந்தானாம்."

"ஓம், வந்தார்."

"கமராவ எண்டைக்குக் கட்டப்போறீங்க?"

"ஏன்?"

"முன்கூட்டிச் சொல்லிப்போட்டுக் கட்டுங்க. போன முறை எல்லாப் படத்துலயும் ஒரே பழைய குட. இந்த முறை புதுசு ஒண்டு எடுக்கணும்."